வார்னிஷ் அடித்த உறுமி

திண்டுக்கல் நாகல் நகரில் பூட்டுக்கடை உடையப்பன் வீட்டுக் கூடத்துக்குள் நுழைகிறவர் கண்ணில் முதலில் படுவது அவருடைய அப்பாவின் படம் அல்ல. அந்தப் படத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு, நடுச் சுவரில் சாண் நீள ஆணி அடித்து, ஓர் உறுமியைத் தொங்கவிட்டிருந்தாள் அவர் பெண்சாதி பொன்னழகு. வந்தவர் அதைப் பார்த்து, "இது என்ன?" என்று கேட்க வேண்டும். கேட்டவருக்கு உடனே காபி வரும். கேட்காமல் உட்கார்ந்து ஊர்க்கதை பேசியவருக்குக் காபி தாமதமாக வரும், வந்தாலும் ஆறியிருக்கும். தெருவில் எல்லாரும் சோதித்துப் பார்த்த விஷயம் இது.

இடை சிறுத்த மேளம் அது. வலப்பக்கத்துத் தோலை நேரான குச்சியால் அடிப்பார்கள். இடப்பக்கத்துத் தோலில் விளக்கெண்ணெய் தடவி, வளைந்த குச்சியால் அழுத்தித் தேய்ப்பார்கள். அப்போது எழும் சத்தத்தில்தான் கல்யாண வீட்டில் பிள்ளைகள் அம்மா முந்தானைக்குள் ஒளிவதும், கோயில் வாசலில் ஆண்கள் சாமி வந்து ஆடுவதும். ஆனால் இதெல்லாம் பொன்னழகு வீட்டுச் சுவரில் நடக்கவில்லை. சுவரில் அது சும்மா தொங்கியது.

எல்லாம் மாதர் சங்கத்தில் ஆரம்பித்தது. அறுபதாம் வருஷம், பிளாக் ஆபீசிலிருந்து வந்து பேசிவிட்டுப் போனார்கள் என்று நாகல் நகர்ப் பெண்கள் முப்பது பேர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தார்கள். வெள்ளிக்கிழமை தோறும் கூடி, தையல், சத்துணவு, கோழி வளர்ப்பு என்று பேசி, முறுக்கு தின்று கலைந்தார்கள். பொன்னழகு காரியதரிசியான பிறகுதான் அதற்கு ஒரு கொள்கை வந்தது.

"நாம வாங்குற ஒவ்வொரு சாமானும் யாரோ ஒருத்தர் வீட்டு அடுப்ப எரிய வைக்குது. அது யாரு வீட்டு அடுப்புன்னு யோசிச்சு வாங்கணும்," என்றாள் முதல் கூட்டத்தில். நல்ல பேச்சுத்தான். முறுக்கு மென்றுகொண்டிருந்தவர்கள்கூட செத்த நேரம் நிறுத்தினார்கள்.

யாருடைய அடுப்பு என்பதையும் அவளே தீர்மானித்து வைத்திருந்தாள். சாணார்பட்டிக்குக் கிழக்கே இரண்டு மைலில் இருக்கிறது அவள் பிறந்த ஊர். அங்கே உறுமிக்காரர் வீடு என்று ஒரு குடும்பம். சுருளிவேல் உறுமி அடிப்பான். அவன் பங்காளிகள் இரண்டு பேர் பம்பையும் நாயனமும். கல்யாணத்துக்கெல்லாம் ஒலிபெருக்கி செட்டு வந்துவிட்டதால் அவர்கள் பாடு மோசம் என்று பொன்னழகு கேள்விப்பட்டிருந்தாள். ஆகவே சங்கத்தார் இனிமேல் உறுமிக்காரர் வீட்டில் செய்த பொருளையே வாங்க வேண்டும். தீர்மானம் நிறைவேறியது. கை தட்டினார்கள்.

அங்கேதான் ஒரு சங்கடம். உறுமிக்காரர் வீட்டில் செய்கிற பொருள் என்று ஒன்றும் இல்லை. அவர்கள் செய்வது சத்தம். அதைச் சாக்கில் கட்டி பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்து விற்க முடியாது. ஆனாலும் பட்டணத்து அம்மாமார் முப்பது பேர் காத்திருக்கிறார்கள் என்று தகவல் வந்த பிறகு வெறுங்கையோடு இருக்க மனம் வருமா? சுருளிவேல் பெண்சாதி ஜக்கம்மாள் சந்தையில் முறம் வாங்கி, அதையே வெள்ளிக்கிழமை நாகல் நகருக்குச் சுமந்து வந்து விற்றாள். இது சங்கத்தில் இருபத்தொன்பது பேருக்குத் தெரியும். காரியதரிசிக்கு மட்டும் தெரியாது.

அடுத்த வீட்டு சர்புன்னிசாதான் ஒருநாள் வாயைத் திறந்தாள். அவள் புருஷன் நூர் அகமது தோல் பதனிடுகிற ஷாப்பு வைத்திருக்கிறவர். "அக்கா, வீட்டுக்கு ஒரு மொறம் போதாதா? எங்க வீட்டுல எட்டு இருக்கு. அரிசியவிட மொறம் ஜாஸ்தியாப் போச்சு."

"நீ மொறத்தப் பாக்குற சர்புன்னிசா. நான் அதுக்குப் பின்னால இருக்கிற கலையப் பாக்குறேன்."

"நானும் திருப்பித் திருப்பிப் பாத்தேங்கா. பின்னால சாணிதான் மெழுகியிருக்கு."

சிரிப்பு அடங்க நேரமானது. ஆனால் பொன்னழகின் மனசு சுத்தம் என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. மனசு சுத்தமாக இருப்பவர்கள் அக்கம்பக்கத்தில் கொஞ்சம் கஷ்டம் கொடுப்பார்கள், அவ்வளவுதான்.

அறுபத்தொன்றாம் வருஷம் பங்குனியில் சுருளிவேல் நேராக வந்து நின்றான். உடையப்பனின் தம்பி மகளுக்குக் கல்யாணம் என்று கேள்விப்பட்டு, உறுமியைத் தோளில் மாட்டிக்கொண்டே வந்திருந்தான்.

"இந்தப் பங்குனியில ஒரு எடத்துலயும் கூப்பிடல தாயி. நம்ம வீட்டுக் கல்யாணம்னாக. ஒரு நா அடிச்சுக் குடுக்குறோம். பாத்து என்ன செய்வீகளோ செய்யுங்க."

பொன்னழகுக்கு முகம் சுருங்கிவிட்டது. மாப்பிள்ளை மதுரையில் மில் குமாஸ்தா. உறுமி வைத்தால் கேவலமாக நினைப்பார்கள் என்று செட்டுக்காரனுக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது. அதை வாய்விட்டுச் சொல்ல முடியாமல், "மாப்பிள்ள வீட்டுக்காரக செட்டு வச்சுட்டாக சுருளி," என்று பழியை மதுரைக்குத் தள்ளினாள்.

"அப்ப ஏதாவது கைமாத்தாக் குடுங்க தாயி. தை மாசத்துல மொச்சை எடுத்ததும் தந்துர்றேன்."

"கைமாத்துன்னு குடுத்தா அது கடன். சும்மா குடுத்தா பிச்சை. உன்னையப் போல கலைஞனுக்கு ரெண்டையும் செய்ய மாட்டேன். ஒரு பொருளக் குடு, வாங்கிக்கிறேன். அதுதான் உனக்கு மரியாதை."

சுருளிவேல் தன்னையே ஒரு தரம் பார்த்துக்கொண்டான். வேட்டி, துண்டு, தோளில் உறுமி. அவளும் அதையேதான் பார்த்தாள்.

"இது சாமி காரியத்துக்கு வேணும் தாயி. ஐப்பசியில."

"ஐப்பசிக்கு வந்து எடுத்துட்டுப் போயேன். ஒம் பொருள் என் சுவத்துல இருக்குன்னு வச்சுக்க. யாரு வேண்டாம்னா?"

புது உறுமி இரண்டு செய்கிற அளவுக்குக் கொடுத்தாள். அதில் குறை சொல்ல முடியாது. சுருளிவேலும் புதுசு ஒன்று செய்துகொள்ளலாம் என்றுதான் நினைத்துக்கொண்டு போனான். வீட்டில் அரிசி இல்லாதவன் கையில் வந்தது எதற்குப் போகும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. ஜக்கம்மாள் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை என்று சாணார்பட்டி பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள்.

சுவரில் உறுமி ஏறிய பிறகு மற்றவர்களுக்கு இருப்புக் கொள்ளவில்லை. காரியதரிசி வீட்டில் அசல் உறுமி. தங்கள் வீட்டில் முறமா? டாக்டர் வீட்டு அம்மா பங்காளியிடமிருந்து பம்பையை வாங்கினாள். சப்ரிஜிஸ்திரார் பெண்சாதி, சுருளிவேல் வீட்டிலிருந்த சின்ன உறுமியை வாங்கி அதன்மேல் பூச்சாடி வைத்தாள்; சாடித் தண்ணீர் இறங்கி ஒரே மாதத்தில் அதன் தோல் கிழிந்தது. வைகாசி முடிவதற்குள் அந்தக் குடும்பத்தின் மேளம் முழுவதும் நாகல் நகருக்குக் குடியேறிவிட்டது. அந்த வருஷ அறிக்கையில், 'நலிந்த கலைக் குடும்பம் ஒன்று முழுமையாக ஆதரிக்கப்பட்டது' என்று பொன்னழகு தன் கைப்பட எழுதினாள்.

ஆடியில் ஜில்லாவிலிருந்து ஒரு பெண் அதிகாரி சங்கத்தைப் பார்வையிட வருவதாகக் கடிதம் வந்தது. பொன்னழகு உறுமியை இறக்கிப் பார்த்தாள். விளக்கெண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டி, தோல் கறுத்திருந்தது. அப்போது பூட்டுக்கடைக்குப் புதுப் பலகை எழுதிக்கொண்டிருந்த பெயிண்டரைக் கூப்பிட்டு, "பாக்க லட்சணமா ஆக்கிக் குடுப்பா," என்றாள். அவன் தொழில் தெரிந்தவன். எண்ணெயைச் சோடாவுப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, உப்புத்தாள் போட்டு இழைத்து, மரத்துக்கும் தோலுக்கும் கயிற்றுக்கும் சேர்த்து இரண்டு பூச்சு வார்னிஷ் அடித்துக் கொடுத்தான். உறுமி புது பீரோ மாதிரி மினுங்கியது. அதிகாரி அம்மாள் அதைத் தட்டிப் பார்க்கவில்லை. பார்த்து, நன்றாயிருக்கிறது என்றாள். போட்டோ எடுத்தார்கள்.

ஐப்பசி வந்தது. மழையும் வந்தது. முத்தாலம்மன் சாட்டுத் திருவிழாவுக்கு ஐந்து நாள் இருக்கையில் சுருளிவேலும் ஜக்கம்மாளும் வந்தார்கள்.

அந்த ஊர் முத்தாலம்மன் ஒரு நாள் சாமி. குயவரான வேளார் மண்ணால் செய்து, சாயங்காலம் கண் எழுதி, ஊருக்குள் கொண்டுவந்து கும்பிட்டு, மறுநாளே கரைத்துவிடுவார்கள். கண் எழுதுகிற நேரத்தில் உறுமி ஒலிக்க வேண்டும். ஒலிக்காமல் வேளார் தூரிகையைத் தொட மாட்டார். அந்த உரிமை உறுமிக்காரர் வீட்டுக்கு. அதற்காக ஊர் விட்டுக்கொடுத்த மானியக் காடுதான் கம்மாய்க் கரையோரம் அவர்கள் உழுது தின்கிற நிலம்.

"வா சுருளி. நாஞ் சொன்ன சொல்லு தவற மாட்டேன்," என்று பொன்னழகே நாற்காலி போட்டு ஏறி உறுமியை இறக்கிக் கொடுத்தாள். முகத்தில் அவ்வளவு மலர்ச்சி. அன்றைக்கு அவள் தெருவுக்கே காபி கொடுத்திருப்பாள்.

சுருளிவேல் இரண்டு கையாலும் வாங்கினான். மூக்கருகே கொண்டுபோனான். இடப்பக்கத்துத் தோலைக் கட்டைவிரலால் அழுத்தினான். பிறகு மடியிலிருந்து வளைந்த குச்சியை எடுத்துத் தேய்த்தான். பூனை கதவைப் பிறாண்டுவது மாதிரி ஒரு சத்தம் வந்தது. இன்னொரு தடவை தேய்த்தான். வார்னிஷ் செதில் செதிலாகப் பெயர்ந்து அவன் மடியில் விழுந்தது. அதோடு தோலில் ஒரு கீறல் ஓடியது.

ஜக்கம்மாள்தான் கேட்டாள். "இதுக்கு என்ன பூசுனீக தாயி?"

"சும்மா பளபளப்புக்கு. தொடச்சா போயிரும்."

மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தாள் பொன்னழகு. அது போகவில்லை, பிசினாகி இழுத்தது. சத்தம் கேட்டு வேலிப் பக்கம் எட்டிப் பார்த்த சர்புன்னிசா, சாப்பாட்டுக்கு வந்திருந்த புருஷனைக் கூட்டி வந்தாள். ஆயிரக்கணக்கில் தோலைத் தடவிப் பார்த்த கை நூர் அகமது கை. ஒரு தரம் தொட்டுவிட்டு எடுத்துவிட்டார்.

"இது மவுத்தாப் போச்சும்மா. சோடாவுப்புலயே உயிரு போயிருக்கும். மேல பூசுனது மய்யத்துக்குச் சுத்துற கபன் துணி மாதிரி."

"வேற தோலு போட்டா?"

"பச்சைத் தோலு நான் தாரேன். மயிரு எடுத்து, வளையத்துல இழுத்துக் கட்டி, மூணு நா நல்ல வெயில்ல காயணும்." அவர் முற்றத்தைப் பார்த்தார். ஓட்டிலிருந்து தண்ணீர் கயிறு கயிறாக இறங்கிக்கொண்டிருந்தது.

பொன்னழகு எளிதில் விட்டுவிடுகிற ஆளா? "வெயிலு இல்லாட்டி என்ன, அடுப்பு இருக்கு," என்றாள். அவர்கள் ஊர் வீட்டுக் கூரை ஒழுகுகிறதென்று, தன் வீட்டுப் பின்கட்டிலேயே வேலையை வைத்துக்கொள்ளச் சொன்னாள். அன்று மத்தியானமே நூர் அகமது ஓர் ஆட்டுத் தோலை அனுப்பினார், விலை பேசவில்லை. சுருளிவேல் அதைச் சுரண்டிச் சுத்தம் பண்ணி, பழைய தோலை அறுத்தெறிந்துவிட்டு, புதுசை ஈரத்தோடு இழுத்துக் கட்டினான். மூன்று கரியடுப்பை மூட்டி, நடுவில் உறுமியை முக்காலிமேல் வைத்து, சுற்றிச் சுற்றித் திருப்பினார்கள். கூடம், அடுக்களை, சாமியறை என்று ஒரு மூலை பாக்கியில்லாமல் பச்சைத் தோல் வாடை ஏறியது. உடையப்பன் மூன்று நாள் ஓட்டலில் சாப்பிட்டார். கடையில் அவரிடம் பூட்டு வாங்கியவர்கள்கூட சற்றுத் தள்ளி நின்று வாங்கினார்கள் என்று பேச்சு.

"இம்புட்டுக் கலைய வீட்டுல வச்சுக்கிட்டு மனுசன் எப்படித் தூங்குறது?" என்று அவர் கேட்டார்.

"கடைக்குள்ளயே தூங்குங்க. பூட்டா இல்ல?" என்றாள் அவள், விசிறியை நிறுத்தாமல்.

விசிறியது அவள்தான். வேறு யாரையும் விடவில்லை. கண் சிவந்து, தலைமயிரில் சாம்பல் படிந்து, முந்தானையில் நெருப்புப் பொறி விழுந்து ஓட்டையானது. அந்த நேரத்தில்தான் ஜக்கம்மாள் அவளிடம் விஷயத்தை உடைத்தாள்.

"போன வருசமே ஊர்க்கூட்டத்துல பேசியாச்சு தாயி. செட்டு வச்சுக்கலாம், மானியத்த ஊரு எடுத்துக்கலாம்னு. உங்க அண்ணன்தான், 'உறுமி சத்தம் சாமி முன்னால கேக்குற வரைக்கும் எடுக்க வேண்டாம்'னாரு. அந்த ஒரு சொல்லுலதான் எங்க கஞ்சி ஓடுது."

பொன்னழகின் அண்ணன் நாச்சிமுத்துதான் ஊர் நாட்டாமை. அவள் விசிறியை நிறுத்தினாள். "இத அப்பயே ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"எப்ப தாயி? நீங்க மரியாதை குடுத்துக்கிட்டு இருந்தீக. நடுவுல எப்படிச் சொல்றது?"

இதை ஜக்கம்மாள் குத்தலாகச் சொன்னாளா, சாதாரணமாகச் சொன்னாளா என்று பொன்னழகால் கண்டுபிடிக்க முடியவில்லை. முகத்தைப் பார்த்தாள். அதில் புகைதான் இருந்தது.

சாட்டு அன்று காலையில் மூன்று பேரும் நத்தம் பஸ்ஸில் ஏறினார்கள். உறுமியைத் தன் கம்பளியில் சுற்றி, குழந்தையை வைத்திருப்பதுபோல மடியில் வைத்துக்கொண்டாள் பொன்னழகு. கண்டக்டர் வாடை தாங்காமல், "அம்மா, உள்ள என்ன செத்தது?" என்று கேட்டான். அவள் கம்பளியை இன்னும் இறுக்கிச் சுற்றினாள். தோல் தொடுவதற்குக் காய்ந்த மாதிரிதான் இருந்தது. விரலை அழுத்தினால் மட்டும், பழுக்காத கட்டி மாதிரி உள்ளே ஒரு மெத்தென்ற இடம்.

ஊருக்குள் போனதும் முதலில் கண்ணில் பட்டது, கோயில் முன் வேப்ப மரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாய். நாச்சிமுத்து முன்யோசனைக்காரர். மழைக்காலம், எதற்கும் இருக்கட்டும் என்று திண்டுக்கல்லிலிருந்தே செட்டுக்காரனை வரவழைத்திருந்தார்.

"எதுக்குண்ணே இது?" என்று பொன்னழகு பாய்ந்தாள்.

"பாட்டுக்குத்தான். ஒன் உறுமிய யாரும் தடுக்கல," என்றார். "உள்ள போயிச் சாப்புடு. வெஞ்சனம் சூடா இருக்கு." அவள் சாப்பிடப் போகவில்லை.

சாயங்காலம் தூறல் விடவில்லை. ஓலைப் பந்தலுக்குள் முத்தாலம்மன் நின்றாள். மஞ்சளும் சிவப்புமாக உடம்பு முழுக்க எழுதி முடித்து, கண் இருக்க வேண்டிய இடம் மட்டும் வெறும் மண்ணாக. வேளார் தூரிகையை மையில் தோய்த்துக்கொண்டு நின்றார். ஊரே சுருளிவேலைப் பார்த்தது. அவன் தோளில் உறுமியை மாட்டி, விளக்கெண்ணெய் தொட்டு, சாமியைப் பார்த்துக் கும்பிட்டு, குச்சியை அழுத்தினான்.

முதல் தேய்ப்பில் சத்தம் வந்தது. அசல் சத்தம். பொன்னழகு சின்னப் பிள்ளையில் கேட்ட அதே கனம். வேளாரின் கை உயர்ந்தது. இரண்டாவது தேய்ப்பு அரையில் நின்றது. மூன்றாவதில், ஈரக்காற்று குடித்த தோல் நனைந்த அப்பளம் மாதிரி தொய்ந்து உள்ளே போயிற்று. குச்சி வழுக்கியது. வலப்பக்கம் அடித்தால் தொப்பு தொப்பு என்று மூட்டையைத் தட்டுகிற சத்தம். சுருளிவேல் கயிற்றை இழுத்தான், தோலைத் துண்டால் துடைத்தான், யாரோ வைக்கோல் கொளுத்திக் காட்டினார்கள், மறுபடி தேய்த்தான். எவ்வளவு நேரம் என்று கேட்டால் ஊரில் ஒவ்வொருவரும் ஒரு கணக்குச் சொல்வார்கள். வேளார் இரண்டு தடவை கை மாற்றிக்கொண்டார்.

"ஏலே சுருளி, போதும்," என்றார் நாச்சிமுத்து. கோபமாகச் சொல்லவில்லை.

"அண்ணே, தோலு காயல. நாளைக்கு வெயிலு வரட்டும்," என்றாள் பொன்னழகு.

"ஒரு நாச் சாமி, பொன்னு. நாளைக்குக் கரைக்கணும். இருட்டுறதுக்குள்ள கண்ணு வைக்கணும்."

"அப்ப ஒரு வருசம் பொறுக்கணும். தப்பு எம்மேல. நாந்தான் வார்னிசு அடிச்சேன்."

"நீ அடிச்சது சரி. அவன் வித்தான்ல? சாமி பொருள வித்துப்புட்டு ஐப்பசியில இரவல் வாங்கிட்டு வாரான். இத நான் கூட்டத்துல என்னன்னு சொல்றது? எந் தங்கச்சி ஆதரிச்சான்னு சொல்லவா?"

சுற்றி நின்றவர்களில் ஓரிருவர் சிரித்தார்கள். நாச்சிமுத்து செட்டுக்காரனைப் பார்த்துத் தலையசைத்தார். குழாய் இரண்டு தரம் கரகரத்து, நாதசுரம் ஊதியது. இசைத்தட்டில் சுற்றுகிற நாதசுரத்துக்கு முத்தாலம்மன் கண் திறந்தாள். குலவை போட்டார்கள். யாருக்கும் சாமி வரவில்லை. ஆனால் யாரும் அதைப் பெரிதாகச் சொல்லவும் இல்லை. சுருளிவேல் கடைசியாகக் குச்சியை மடியில் செருகியதைப் பொன்னழகு பார்த்தாள். பிறகு அவனும் எல்லாரோடும் சேர்ந்து கும்பிட்டான்.

கார்த்திகைக் கூட்டத்தில் மானியக் காடு ஊருக்குத் திரும்பியது. வருஷா வருஷம் செட்டுக்கு ஆகிற செலவை அந்தக் காட்டுக் குத்தகையிலிருந்தே கொடுப்பது என்று முடிவாயிற்று. குத்தகைக்கு எடுத்தவர் நாச்சிமுத்து. அவர் எடுக்காவிட்டால் வேறொருவர் எடுத்திருப்பார் என்று அவரே சொன்னார், அதுவும் உண்மைதான்.

பொன்னழகு உறுமியைச் சுருளிவேல் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். மார்கழியில் நூர் அகமதின் தோல் ஷாப்பில் ஓர் ஆள் குறைந்தது. சுருளிவேல் அங்கே சுண்ணாம்புத் தொட்டி வேலைக்கு வந்து சேர்ந்தான். பின்னால் கூலிக்காரர்களுக்குக் கட்டியிருந்த வரிசை வீட்டில் ஒன்றில் குடியிருப்பு. தினமும் முழங்கால்வரை தொட்டியில் நின்று தோலை மிதிக்க வேண்டும். "நல்லா வேல பாக்குறான். தோலத் தொட்டாலே அவனுக்குக் குணம் தெரியுது," என்று நூர் அகமது பாராட்டினார். பொன்னழகைத் தெருவில் கண்டால் சுருளிவேல் கும்பிடுவான். சுண்ணாம்பில் வெந்த கையை முழுவதும் தூக்காமல், பாதியில் இறக்கிவிடுவான்.

சங்கம் நிற்கவில்லை. குயவர் வீடுகளை ஆதரிப்பது என்று அடுத்த தீர்மானம் வந்தது. காரியதரிசி இரண்டு வெள்ளிக்கிழமை வரவில்லை. மூன்றாவது வெள்ளிக்கிழமை அல்போன்சா டீச்சரைக் காரியதரிசியாக்கிவிட்டார்கள். எல்லாரும் ஆளுக்கு ஒரு பானை வாங்கினார்கள்.

தை பிறந்ததும் அண்ணன் வீட்டுப் பொங்கல் சீர் வந்தது. எப்போதும் வருகிற பச்சரிசி, வெல்லம், கரும்போடு இந்த வருஷம் ஒரு சாக்கு மொச்சையும் கூட இருந்தது. கொண்டுவந்த வண்டிக்காரன், "கம்மாய்க்கரைக் காட்டுல வெளஞ்சது. தங்கச்சிக்குத்தான் முதல் சாக்குன்னு நாட்டாமை சொன்னாக," என்று பெருமையாகச் சொன்னான். உடையப்பன் ஒரு கை அள்ளிப் பார்த்து, முத்து முத்தாக இருக்கிறது என்றார்.

பொன்னழகு சாக்கை அவிழ்க்கவில்லை. ஒரு ஜட்காவைக் கூப்பிட்டு ஏற்றிக்கொண்டு, தோல் ஷாப்புப் பின்புற வரிசை வீட்டுக்குப் போனாள். அவள் அந்த வாடைக்குள் போவதைத் தெருவே பார்த்தது. எதற்கு என்று சர்புன்னிசாவுக்குக்கூடத் தெரியவில்லை.

ஜக்கம்மாள் சாக்கின் வாயை அவிழ்த்து, கையை விட்டு அள்ளி, மூக்கில் வைத்துப் பார்த்தாள். கேட்காமலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"வடக்கு வரப்போரமா வெதைச்சதுல வெளஞ்சது இது. அங்கதான் இம்புட்டுப் பருமனா வரும். நாந்தான் ஆடியில ஊனுனேன்."

"உனக்குத்தான் கொண்டாந்தேன்," என்றாள் பொன்னழகு.

ஜக்கம்மாள் நல்ல மணிகளாக ஒரு கை பொறுக்கித் தனியே வைத்தாள். விதைக்கு எடுத்து வைக்கிற கைப்பழக்கம். செத்த நேரம் அதையே பார்த்தாள். சுற்றுமுற்றும் வெள்ளைச் சுண்ணாம்புத் தரை. சுவரோரம் காயப்போட்ட தோல்கள். பிறகு அந்த ஒரு கையையும் சேர்த்து உலையில் போட்டாள்.

வேகிறவரை இரண்டு பேரும் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சுருளிவேல் தொட்டியிலிருந்து வந்து, கையைக் கழுவிக் கழுவிப் பார்த்துவிட்டு, வாசலிலேயே உட்கார்ந்தான். ஜக்கம்மாள் முதலில் பொன்னழகுக்கு ஒரு கிண்ணத்தில் வைத்துக் கொடுத்தாள்.

"உப்பு காணுதா தாயி?"

"போதும், காணுது," என்றாள் பொன்னழகு. உப்பே போட்டிருக்கவில்லை. கிண்ணத்தைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்தாள்.